கரை இறங்குமுன் சொல்லுங்கள்: உல்லாசக் கப்பலில் பயனுள்ள யோசனை கூறும் முறை

செட்டிநாட்டுக் கல்யாண வீடுகளில் பந்தி விசாரிப்பதற்கென்றே ஒருவர் நிற்பார். இலைகளுக்கு இடையே நடந்து, எந்த வரிசைக்குச் சாம்பார் வந்து சேரவில்லை, எந்தப் பெரியவருக்குச் சோறு குழைவாக வேண்டும், எந்தக் குழந்தைக்குக் காரம் தாங்கவில்லை என்று பார்த்து, முதல் பந்தி எழுவதற்குள் அடுப்படிக்குச் செய்தி அனுப்பிவிடுவார். அந்தச் செய்தி இரண்டாம் பந்திக்கு உதவும். விருந்து முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, ரசத்தில் உப்புக் குறைவு என்று சொன்னால் சமைத்தவருக்கு வருத்தம் மிஞ்சுமே தவிர, சாப்பிட்டவருக்கு எந்தப் பயனும் இல்லை.

உல்லாசக் கப்பல்களில் பயணிகள் கூறும் யோசனைகள் பல, பாத்திரம் கவிழ்த்த பிறகு வருபவையாகவே இருக்கின்றன. கப்பல் நிறுவனங்கள் அனுப்பும் கேள்வித்தாள் கடைசி இரவிலோ, வீடு திரும்பிய பின் மின்னஞ்சலிலோதான் கைக்கு வருகிறது. அதுவரை மனத்தில் அடக்கி வைத்திருந்த குறைகளை எல்லாம் அதில் கொட்டிவிட்டு நாம் அமைதியடைகிறோம். காரைக்குடியிலிருந்து திருச்சிக்குச் சென்று, அங்கிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறும் குடும்பங்கள் எங்கள் ஊர்ப் பக்கத்தில் இப்போது பெருகி வருகின்றன. நான் என் ஆத்தாவுடன் மூன்று முறை அவ்வாறு பயணம் செய்திருக்கிறேன். முதல் பயணத்தில் எதையும் உரிய நேரத்தில் சொல்லத் தெரியாமல் இருந்தேன். அடுத்த இரண்டு பயணங்களில் கற்றுக்கொண்டவற்றை, இனிமேல் புறப்படுகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ஏறுவதற்கு முன்பே சொல்ல வேண்டியவை

யோசனை கூறும் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. ஒரு வாரப் பயணத்துக்கு வேண்டிய உணவுப் பொருள்களில் பெரும்பகுதி புறப்படும் துறைமுகத்திலேயே ஏற்றப்பட்டுவிடும். நடுக்கடலில் நமக்குத் தோன்றும் பொருள், கிடங்கில் இல்லையென்றால் யாராலும் கொண்டுவர இயலாது. ஆகவே உணவைப் பற்றிய தேவைகளை முன்பதிவின்போதே, அல்லது புறப்பாட்டுக்குப் பல வாரங்கள் முன்னதாக, எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

சைவம் என்ற ஒரு சொல் மட்டும் இதற்குப் போதாது. மேலைநாட்டுச் சமையலறையில் முட்டையும் சீஸும் சைவத்துக்குள் அடங்கும். சூப்புக்கு இறைச்சி வேகவைத்த சாறு அடிப்படையாக இருக்கக்கூடும். தாய்லாந்து வகைக் குழம்பில் மீன் சாறும், சில இனிப்புகளில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் கலந்திருக்கும். எங்கள் முதல் பயணத்தில், தக்காளி சூப்பை இரண்டு கரண்டி குடித்த பிறகுதான் அது கோழி வேகவைத்த நீரில் செய்தது என்று ஆத்தாவுக்குத் தெரிந்தது. பரிமாறியவர் கேட்டவுடன் உண்மையைச் சொன்னார். அவரிடம் குற்றம் இல்லை. ஆத்தா கிண்ணத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அன்றிரவு ரொட்டியும் பழமும் மட்டும் சாப்பிட்டார்கள். படிவத்தில் சைவம் என்று மட்டும் குறித்துவிட்டுப் பேசாமல் இருந்தவன் நான். அடுத்த முறை, "முட்டை, மீன், இறைச்சி, இவற்றின் சாறு, ஜெலட்டின் ஆகியவை கூடாது, பால், தயிர், நெய் ஆகலாம்" என்று வரிவரியாக எழுதி அனுப்பினேன். அந்தப் பயணம் முழுவதும் ஆத்தா ஒரு வேளைகூடப் பசியோடு எழுந்திருக்கவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. செட்டிநாடு என்றாலே கோழியும் நண்டும் என்று வெளியூரார் எண்ணுகின்றனர். ஆனால் எங்கள் வீடுகள் பலவற்றில் அசைவம் சாப்பிடுகிறவர்களே செவ்வாய், வெள்ளி, கார்த்திகை நாள்களில் அதைத் தொடமாட்டார்கள். கப்பலின் படிவத்திலோ பயணம் முழுவதற்கும் ஒரே கட்டம்தான் இருக்கிறது. இதற்கு நான் கூறிய யோசனை எளியது: உணவுக்கூடத் தலைவர் எங்கள் மேசை எண்ணுக்கு எதிரில் விலக்கான நாள்களை மட்டும் குறித்துக்கொண்டால் போதும் என்றேன். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மறுநாள் உணவுப் பட்டியலை முந்தின இரவே காட்டி, வேண்டியதைக் கேட்டுக்கொள்ளும் வழக்கம் பல கப்பல்களில் ஏற்கெனவே உள்ளது. அதே வழியில் எங்களுக்கும் திங்கள் இரவிலும் வியாழன் இரவிலும் பட்டியல் வந்துவிட்டது. ஏற்கெனவே நடக்கும் ஒரு முறையின் மேல் உங்கள் தேவையை ஏற்றிவைத்தால், அது மிக எளிதாக நிறைவேறும்.

எவற்றை மாற்றச் சொல்லக் கூடாது

பாதுகாப்புக்காக வகுத்த எதையும் வசதிக்காகத் தளர்த்தும்படி கேட்கக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடத்தப்பட்டிருக்கவில்லை. அதுவரை 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றே விதி இருந்தது. கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சியை முடித்துவிட வேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எங்கே கூட வேண்டும் என்பதை, தள்ளாத வயதினர் உட்பட ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். பயிற்சியை நீக்கச் சொல்வது தவறு. கூடும் இடத்தில் முதியவர்களுக்கு நாற்காலி போடச் சொல்வது நல்ல யோசனை.

வெள்ளிக்கிழமை கேபினில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும் என்று ஆத்தா விரும்பினார்கள். கப்பலில் தீயைவிடக் கொடிய பகை வேறு இல்லை. 2006-இல் ஸ்டார் பிரின்சஸ் கப்பலில், அணையாத சிகரெட்டினால் மூண்டிருக்கலாம் என்று கருதப்படும் தீ, பால்கனிகள் வழியாகப் பரவி நூற்றுக்கும் மேற்பட்ட கேபின்களைச் சேதப்படுத்தியது. இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், மெழுகுவத்தி ஆகியவற்றைக் கேபினுக்குள் தடை செய்திருப்பது இத்தகைய அச்சத்தினால்தான். இதை ஆத்தாவிடம் பொறுமையாக விளக்கி, பேட்டரியில் எரியும் சிறு விளக்கை எடுத்துச் சென்றோம். அவ்வாறே பூமாலையையும் பிளாஸ்டிக் பையில் வைத்த பிரசாதத்தையும் கடலில் விடலாமா என்று கேட்க வேண்டாம். கப்பலிலிருந்து பிளாஸ்டிக் எதையும் உலகின் எந்தக் கடலிலும் போடக் கூடாது என்று சர்வதேச விதி உள்ளது.

துறைமுகத்தில் நிற்கும் நேரமும் வழித்தடமும் நெடுநாள் முன்பே உறுதி செய்யப்படுபவை. அவற்றைப் பற்றிய கருத்தை நிறுவனத்துக்கு எழுதலாம். கப்பலில் இருப்பவர்களிடம் வற்புறுத்துவதால் பயன் இல்லை.

மற்றொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் பணியாளர்களுக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கூறுகிறது. இது பல மாதங்கள் வீட்டைப் பிரிந்து, வாரத்தின் எல்லா நாளும் உழைக்கிறவர்களுக்கு உள்ள குறைந்தபட்சக் காப்பு. நள்ளிரவு வரை பணியாரம் சுட்டுத்தர வேண்டும் என்று ஒருவர் யோசனை கூறினால், அந்த நேரம் எந்த மனிதரின் உறக்கத்திலிருந்து வரும் என்பதையும் அவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

யாரிடம், எப்போது

இரண்டாம் நாள் காலைதான் சிறந்த நேரம். முதல் நாள் பெட்டிகள் வந்து சேராமை, வழி தெரியாமை போன்ற தொல்லைகள் தாமாகவே தீர்ந்துவிடும். இரண்டாம் நாளில் எஞ்சி நிற்பது உண்மையான குறையாக இருக்கும்.

கேபினைப் பற்றியவற்றை அதைச் சுத்தம் செய்கிறவரிடமே முதலில் சொல்லுங்கள். ஏசிக் குளிருக்கு இன்னொரு கம்பளி, குளியலறைக்கு ஒரு பெரிய குவளை ஆகியவை அவர் கையாலேயே முடியும். ஆத்தாவுக்குக் குவளை இல்லாமல் குளித்த நிறைவு வராது. பணியாளர் சமையலறையிலிருந்து ஒரு நீர்க்கூஜாவைக் கொண்டுவந்து வைத்தார். உணவுக்கூடத்தைப் பற்றியவற்றுக்கு அதன் தலைவர், நிகழ்ச்சிகளைப் பற்றியவற்றுக்கு குரூஸ் டைரக்டர் என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவர் உண்டு. பல துறைகளைத் தொடும் யோசனையை விருந்தினர் சேவை மேசையில் எழுத்தில் கொடுத்து, ஹோட்டல் டைரக்டர் பார்வைக்குச் சேர்க்கும்படி கேளுங்கள். தங்கல், உணவு, சேவை ஆகிய அனைத்துக்கும் கப்பலில் அவரே தலைவர். கேப்டனைத் தேடிச் சென்று தயிரைப் பற்றிப் பேசுவது அவருடைய பொறுப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எழுதும் முறை

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தியபோது, நாள், பேர், தொகை மூன்றும் இல்லாத வரியைப் பேரேட்டில் ஏற்றமாட்டார்கள். யோசனைக் குறிப்பும் அவ்வாறே அமைய வேண்டும். எந்த நாள், எத்தனை மணி, எந்தத் தளம், என்ன நடந்தது, என்ன செய்தால் சரியாகும் என்பவை இருந்தால் படிப்பவர் உடனே செயலில் இறங்க முடியும். ஒரு தாளில் ஒரு விஷயத்துக்கு மேல் எழுத வேண்டாம். ஐந்து விஷயங்கள் கலந்த தாள் ஐந்து துறைகளுக்கும் நடுவில் நின்றுவிடும்.

இரண்டாம் பயணத்தில் நான் கொடுத்த குறிப்பு ஒன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்:

"நேற்றுக் காலை 8.15 மணிக்கு, பஃபே கூடத்தில் ஆம்லெட் போடும் மேசைக்கு முன் ஏறத்தாழ இருபது பேர் நின்றோம். வரிசை வாசல் வரை நீண்டதால், சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் உள்ளே நுழைய முடியாமல் காத்திருந்தார். வரிசை சன்னல் பக்கமாகத் திரும்பும்படி ஒரு கயிற்றுத் தடுப்பு வைத்தால் வாசல் திறந்திருக்கும். இதற்குக் கூடுதல் ஆள் தேவைப்படாது."

இதன் கீழே கேபின் எண்ணும் பெயரும் எழுதினேன். மறுநாள் காலையிலேயே கயிறு கட்டியிருந்தார்கள். இதே செய்தியை "பஃபேயில் ஒரே கூட்டம், நிர்வாகம் சரியில்லை" என்று எழுதியிருந்தால் யாரால் என்ன செய்திருக்க முடியும்? ஆங்கிலத்தில் எழுதும்போது எளிய சொற்களும் குறுகிய வாக்கியங்களும் போதும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா எனப் பல நாட்டவர் அதைப் படிக்க வேண்டியிருக்கும்.

நல்ல குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவெளியிலேயே ஒரு மாதிரி உள்ளது. அமெரிக்கத் துறைமுகங்களுக்குச் செல்லும் பயணிக் கப்பல்களை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுகாதாரச் சோதனை செய்து 100-க்கு மதிப்பெண் இடுகிறது. 85 அல்லது அதற்குக் குறைந்தால் தேர்ச்சி இல்லை. அந்த அறிக்கைகளில் ஒவ்வொரு குறைக்கும் இடம் எது, பிழை என்ன, பரிந்துரை என்ன என்று மூன்று பகுதிகள் உண்டு. கோபமோ அடைமொழியோ அவற்றில் இராது. புறப்படுமுன் அத்தகைய அறிக்கை ஒன்றைப் படித்துவிட்டுச் செல்வது நல்ல பயிற்சி.

கேட்கத் தகுந்த சில மாற்றங்கள்

கைகழுவும் தொட்டியை முதலில் சொல்ல வேண்டும். கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவுவதற்கு நோரோவைரஸ் முக்கியக் காரணம். அதற்கு எதிராக ஆல்கஹால் கலந்த ஜெல்லைவிட சோப்பும் தண்ணீரும் நன்கு வேலை செய்கின்றன. பஃபே வாசலில் ஜெல் குப்பி மட்டும் இருந்தால், அருகில் எங்கே தொட்டி இருக்கிறது என்று ஒரு பலகை வைக்கும்படி கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன் கைகால் கழுவிவிட்டுப் பந்தியில் அமர்ந்து பழகிய நமக்கு, இதைச் சொல்லும் உரிமையும் தெளிவும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உண்டு.

நீச்சல் குளத்தருகே விடியற்காலையில் துண்டைப் போட்டு நாற்காலியைப் பிடித்துவிட்டு, நண்பகல் வரை வராமல் இருப்பவர்களால் பலருக்கும் மனத்தாங்கல் ஏற்படுகிறது. ஆளில்லாத நாற்காலியில் பணியாளர் நேரம் எழுதிய அட்டையை வைத்து, அரை மணிக்குப் பின்பும் எவரும் வராவிட்டால் பொருள்களை எடுத்துப் பத்திரப்படுத்தும் முறை சில கப்பல்களில் உண்டு. அதையே கேட்கலாம், பக்கத்தில் இருப்பவருடன் வாதாட வேண்டாம்.

அமைதியான இடத்தைப் பற்றி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கப்பலில் ஆத்தாவுக்கு மிகவும் குறைவாகப்பட்டது அதுதான். எங்கள் வீடுகளில் வந்தவர்களுடன் பேசுவதற்கு முகப்பு, சடங்குகளுக்கு வளவு, பந்திக்கு இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. முகப்பில் எத்தனை பேர் சத்தமாகப் பேசினாலும் உள்கட்டில் படுத்திருக்கும் அப்பத்தாவின் தூக்கம் கலையாது. கப்பலிலோ, கடலைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம் என்று எந்தத் தளத்துக்குப் போனாலும் ஒலிபெருக்கியில் பாட்டு வந்துகொண்டே இருந்தது. கப்பல் முழுவதும் பாட்டை நிறுத்தச் சொன்னால், அதை விரும்புகிறவர்களுக்கு அநீதி. எனவே நடைத்தளத்தின் பின்பகுதியில் மட்டும், பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, அவசர அறிவிப்புகள் தவிர வேறு ஒலி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று நாள்களுக்குச் செய்து பார்க்கலாம் என்று இசைந்தார்கள். முதல் நாள் நாங்கள் இருவரும் ஒரு தம்பதியரும் மட்டுமே இருந்தோம். மூன்றாம் நாள் அங்கே உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. சோதனை முறையில் சில நாள் செய்து பாருங்கள் என்று கேட்பது, நிலையாக மாற்றச் சொல்வதைவிட எளிதில் ஏற்கப்படும்.

சோறும் ரசமும் மூன்றாம் நாளில் நினைவுக்கு வரும். சமையலறையில் இந்தியர் எவரேனும் இருக்கிறாரா என்று விசாரித்து, முந்தின நாள் நண்பகலுக்குள் கேளுங்கள். புளி, மிளகு, சீரகம், பூண்டு ஆகிய நான்கும் இருந்தால் போதும் என்று செய்முறையை நான்கு வரியில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

பினாங்கில் இறங்கும் நாளுக்கு முன் அந்த ஊரைப் பற்றிய பேச்சு ஒன்று இருந்தால் நன்று என்று மூன்றாம் பயணத்தில் குரூஸ் டைரக்டரிடம் சொன்னேன். பேசுவதற்கு ஆள் இல்லை என்றார். நானே அரை மணி நேரம் பேசுகிறேன் என்றேன். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பதிற்றாண்டுகள் ஓடியதையும், திறந்த தளத்தில் பாய் விரித்துப் படுத்தபடி நம்மவர் கடல் கடந்ததையும், அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீவிபத்துக்குள்ளானதையும், பினாங்கில் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் எழுப்பிய தண்ணீர்மலைக் கோயிலையும் பற்றி எளிய ஆங்கிலத்தில் கூறினேன். கேட்டவர்களில் ஒரு மலேசியத் தமிழர் எழுந்து, தம் தந்தை ரஜுலாவில் வந்து இறங்கியவர் என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு பேச முடியாமல் அமர்ந்துவிட்டார். யோசனையோடு நம் உழைப்பையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தால், மறுப்பதற்கு யாருக்கும் மனம் வராது.

அன்றே இன்னொன்றும் கேட்டுப் பெற்றோம்: இறங்கும் படிப்பாலத்துக்கு அருகே ஆறு நாற்காலிகள். கோயில்கள் பல நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதால், முதியவர்களும் அவர்களுக்குத் துணையாக வருபவர்களும் முதல் குழுவில் இறங்க இசைவு கேட்டோம், அதுவும் கிடைத்தது.

சொன்ன பிறகு

மாற்றம் செய்தார்களா என்று மறுநாள் போய்ப் பாருங்கள். செய்திருந்தால், செய்தவரின் பெயரைச் சட்டையில் உள்ள பட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு, விருந்தினர் சேவை மேசையில் பாராட்டுக் குறிப்புக் கொடுங்கள்; பெயருடன் வரும் பாராட்டு அந்தப் பணியாளரின் பதிவில் சேர்ந்து, அடுத்த ஒப்பந்தத்துக்கு உதவக்கூடும். செய்யாவிட்டால் ஒருமுறை மட்டும் காரணம் கேளுங்கள். நாம் அறியாத தடை ஏதேனும் இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டால் வேறு வழியில் கேட்க முடியும்.

கடைசியில் வரும் கேள்வித்தாளையும் விட்டுவிட வேண்டாம். மதிப்பெண் குறைத்த இடத்தில் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்; கப்பலில் சொல்லித் தீர்ந்துபோன குறைக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். உணவுப் படிவத்தில் நாள்வாரியாகக் குறிக்க இடம் வேண்டும் என்பது போல, நிறுவனத்தின் தலைமையகம் மட்டுமே செய்யக்கூடியவற்றுக்கு இதுவே உரிய இடம். கருத்து எழுதும் கட்டம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். ஆகவே நன்றி கூற வேண்டியவர்களின் பெயர்களை முதலில் எழுதிவிட்டு, எஞ்சிய இடத்தில் யோசனையை எழுதுங்கள்.